வீட்டு கேட் முன்னாடி ‘நோ பார்க்கிங்’ போர்டு வைக்கலாமா? எங்கே வைக்கணும், என்ன எழுதணும்?

ராத்திரி 2 மணிக்கு வீட்டில் பெரியவருக்கு நெஞ்சுவலி. காரை எடுத்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடணும். கேட்டைத் திறந்தால், வாசலை அடைச்சு யாரோ ஒருத்தர் காரை நிறுத்திட்டுப் போயிருக்கார். கூட்டேரிப்பட்டு மாதிரி ஊரில் ரோட்டோரம் வீடு வச்சிருக்கிறவங்களுக்கு இது வெறும் கற்பனை இல்லை.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் மயிலத்துக்குத் திரும்பும் இடம் இது. டீ குடிக்க நிற்கிறவங்க, பஸ்ஸுக்கு ஆளை இறக்கி விடுறவங்க, பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகன் கோயிலுக்குப் போறவங்க என எல்லாருக்கும் வண்டி நிறுத்த இடம் வேணும். பலர் கண்ணில் முதலில் படுவது வீட்டு வாசல்தான். அதனால்தான் வீட்டுக்கு வீடு போர்டு. ஆனால் அதில் பாதி போர்டுகள் சட்டப்படி செல்லாது என்பது பலருக்குத் தெரியாது.

போர்டு இல்லாமலே அது தப்புதான்

ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989-ம் ஆண்டு சாலை விதிகளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகளிலும் பார்க்கிங்குக்குத் தனிப் பகுதி உண்டு. ஆக, உங்க கேட்டை மறிச்சு நிறுத்தினால் தப்பு. அதற்கு நீங்க போர்டு மாட்டியிருக்கணும் என்ற அவசியமே இல்லை. போர்டு ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

அதே சமயம், போர்டு மாட்டியதால் ரோடு உங்களுடையது ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 116-வது பிரிவின்படி, சாலையில் போக்குவரத்துக் குறியீடு வைக்கும் அதிகாரம் மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும்தான். நிஜ குறியீடு மாதிரியே இருந்து ஓட்டுநர்களைக் குழப்பும் பலகையை அகற்றவும் அந்தப் பிரிவில் வழி இருக்கிறது. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இதுதான் அரசு வைக்கும் ‘நோ பார்க்கிங்’ குறியீடு. இதை அப்படியே பிரிண்ட் போட்டு, கம்பியில் மாட்டி ரோட்டில் நட்டு வைப்பதுதான் சிக்கல். சென்னையில் வீடு, கடை முன்னாடி அனுமதி இல்லாமல் போர்டு, மணல் மூட்டை, பூந்தொட்டி வைத்தால் நடவடிக்கை என்று 2025 தொடக்கத்தில் போக்குவரத்து போலீஸ் எச்சரித்தது இதனால்தான்.

கல்லு, டயர், உடைந்த பிளாஸ்டிக் சேர் போட்டு இடம் பிடிப்பதும் இதே கதைதான். பொதுவழியில் தடை ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 285-வது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம். வழியை அடைத்து கார் நிறுத்துகிறவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். ரோட்டில் கல்லு போட்ட வீட்டுக்காரருக்கும் பொருந்தும். இருட்டில் பைக்கில் வருகிறவர் அந்தக் கல்லில் மோதி விழுந்தால் விஷயம் அபராதத்தோடு முடியாது.

சரி, எங்கே மாட்டுவது?

உங்க பட்டா எல்லைக்குள். கேட், கேட் தூண், காம்பவுண்டு சுவர், இந்த மூன்றும் போதும். எல்லை எதுவரை என்று சந்தேகம் இருந்தால் நில அளவை வரைபடத்தைப் பாருங்க. நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளுக்கு இது முக்கியம், ஏன்னா வாசலுக்கு வெளியே இருக்கும் மண் தரை பெரும்பாலும் நெடுஞ்சாலைக்குச் சொந்தமானதாக இருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: உள்பக்கம் திறக்கும் கேட்டில் மட்டும் போர்டு மாட்டினால், கேட் திறந்திருக்கும் நேரத்தில் அது யார் கண்ணிலும் படாது. தூணில் இன்னொன்று வேணும். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்து ஒதுங்குதோ, அந்தப் பக்கத் தூணில், காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. செடி வளர்ந்து மறைக்காத இடமாகப் பாருங்க. மின்கம்பத்திலும் மரத்திலும் ஆணி அடிக்க வேண்டாம்.

எழுத்து அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு அங்குல உயர எழுத்து சுமார் 10 அடி தூரத்துக்கு நல்லா தெரியும். 30 அடியில் வரும்போதே படிக்கணும் என்றால் 3 அங்குலம். அதனால் வார்த்தை குறைவாக இருக்கணும். மஞ்சளில் கறுப்பு எழுத்து நல்ல தேர்வு. சிவப்பு நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் வெளுத்துடும். ஃப்ளெக்ஸ் காற்றில் கிழியும், தகரம் துருப்பிடிக்கும். அலுமினியத் தகடு செலவு கொஞ்சம் கூட, ஆனால் பல வருஷம் நிற்கும். ராத்திரிக்கு ஓரத்தில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.

என்ன எழுதுவது?

காரணத்தைச் சொல்லும் வாசகம் வேலை செய்யும். “கேட் முன் நிறுத்தாதீர்கள். எந்நேரமும் வண்டி வெளியே வரும்.” வெளிமாநில லாரிகளும் போகும் ரூட் என்பதால், கீழே ஒரு வரி ஆங்கிலமும் கேட்டிலிருந்து கார் வெளியே வரும் படமும் உதவும்.

“மீறினால் காற்று இறக்கப்படும்” என்று எழுதுவது நம்ம ஊர் வழக்கம். படிக்க சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சொன்னதைச் செய்து வண்டிக்குச் சேதம் வந்தால், புகார் உங்க மேல்தான் வரும்.

கேட்டுக்கு உள்ளே, உங்க சொந்தப் பாதையில் வண்டியைத் திருப்ப வருகிறவர்கள் விஷயம் வேறு. “தனியார் இடம், அனுமதியின்றி உள்ளே வராதீர்” என்ற போர்டு இங்கே பயன்படும். தெரியாமல் நுழைந்ததெல்லாம் குற்றம் ஆகாது. 329-வது பிரிவில் அத்துமீறலுக்குத் தவறான நோக்கம் இருக்கணும். போர்டு இருந்தும், சொல்லியும் போகாமல் வம்பு பண்ணினால், “எனக்குத் தெரியாது” என்று அவர் தப்பிக்க முடியாது. “நாய்கள் ஜாக்கிரதை” போர்டுக்கும் ஒரு எல்லை உண்டு: நாயைக் கட்டாமல் விட்டு அது கடித்தால், போர்டைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

அப்படியும் மறிச்சு நிறுத்திட்டாங்களா? வண்டி நம்பரும் உங்க கேட்டும் ஒரே படத்தில் வரும்படி போட்டோ எடுங்க. அக்கம்பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேளுங்க, பெரும்பாலும் ஆள் அங்கேதான் இருப்பார். இல்லையென்றால் 100 அல்லது 112. கூட்டேரிப்பட்டுக்கு மயிலம் போலீஸ் ஸ்டேஷன். தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல 127-வது பிரிவு சீருடையில் இருக்கும் போலீசாருக்கு அதிகாரம் தருகிறது, அந்தச் செலவும் வண்டிக்காரர் தலையில்தான்.