குவளைக்கும் வரி!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டியவர்கள் பலருக்கு ஓர் ஆசை... வாசலில் ரகம் ரகமாக லாவெண்டர்! பாவம், அது குளிர்ந்த, வறண்ட மலைக்காற்றில் செழிக்கிற செடி. மாமல்லபுரத்துப் புழுக்கத்தில் வாடிப்போகும்.

நர்சரியில் காசு கொடுத்தால் செடி கிடைக்கிறதே, அதைச் சொல்லுங்கள். இதே கடற்கரையை ஆண்ட பல்லவர்கள் காலத்தில் குவளைப் பூவுக்கே 'குவளைக்காணம்' என்று வரி!

தெற்கே சோழ நாட்டிலும் இதே கதைதான். கி.பி. 1006 வாக்கில் ராஜராஜன் நாகப்பட்டினம் புத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அதைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டில் சலுகைகளின் பட்டியல் நீள்கிறது. கிணறு தோண்டலாம், சுட்ட செங்கல்லில் மாடி வீடு கட்டலாம்... அப்புறம் தமநகம் (நம்ம தவனம்தான்!), மருவு, இருவேலி என்கிற வெட்டிவேர், செண்பகம், செங்கழுநீர் எல்லாம் நடலாம்!

இதைச் சலுகையென்று செம்பில் வெட்டித் தருகிறார்கள் என்றால், பக்கத்து ஊர்க் குடியானவனுக்கு அந்த உரிமை இல்லை என்றுதானே அர்த்தம்? கோயிலுக்கும் அரண்மனைக்கும் போகிற வாசனைச் சரக்கு. காசு புழங்கும் பயிர். அரசன் சும்மா விடுவானா என்பது என் ஊகம்.

செங்கல்பட்டுப் பக்கம் போனால், லாவெண்டரை விட்டுவிட்டு வெட்டிவேர் நாற்று கேட்டுப் பாருங்கள். செப்பேடெல்லாம் தேவையில்லை!