கரையோரப் பறவைகளின் ஓராண்டுப் பதிவு: மன்னார் வளைகுடா

கரையோரப் பறவைகளின் ஓராண்டுப் பதிவு என்பது, எல்லை வகுத்துக்கொண்ட ஒரு கடற்கரைப் பகுதிக்குப் பன்னிரண்டு மாதமும் தவறாமல் சென்று, அங்கு காணும் பறவை இனங்களையும் எண்ணிக்கையையும் நாள், நேரம், இடம், நீர்நிலை ஆகிய விவரங்களோடு குறித்துவைக்கும் முறை. தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு என்றாலே சனவரி மாதம்தான் நினைவுக்கு வரும். வலசைப் பறவைகள் மிகுதியாகக் கூடியிருக்கும் காலம் அது. ஆனால் அவை எப்போது வந்தன, எப்போது கிளம்பின, எவை கிளம்பாமல் தங்கின, கோடையில் அதே மணலில் எவை முட்டையிட்டன என்பதைச் சனவரி ஒன்றை வைத்து அறிய முடியாது. ஓராண்டுப் பதிவின் தனிப் பயன், யாரும் எட்டிப் பார்க்காத மே, சூன், சூலை மாதங்களில்தான் வெளிப்படுகிறது.

களம்

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களுக்கு மிக அருகிலுள்ள கடல், நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூத்துக்குடிக் கரை. வேம்பார், வைப்பாற்று முகத்துவாரம், தருவைகுளம், தூத்துக்குடி உப்பளங்கள், பழையகாயல், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என வடக்கிலிருந்து தெற்காக நீளும் இக்கரையில் சேற்றுத்திட்டு, அலையாத்திக் காடு, மணல்திட்டு, உப்புப் பாத்தி, பாறைக்கரை ஆகிய ஐவகை வாழிடங்களும் உண்டு.

கரைக்கு எதிரே தூத்துக்குடி முதல் மண்டபம் வரை 21 தீவுகள் தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என நான்கு தொகுதிகளாக அமைந்துள்ளன. அவற்றில் சில கடலில் மூழ்கிவிட்டன. இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் மன்னார் வளைகுடா, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இக்கடலில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. அதனால் காற்றின் திசையும் வேகமும்கூட எந்தத் திட்டு வெளியே தெரியும், எது மூழ்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. உப்பளங்களில் நிலை வேறு. அங்கு நீர்மட்டம் தொழிலாளர் பாத்திகளில் நீர் பாய்ச்சுவதையும் வடிப்பதையும் பொறுத்தது. ஒரு பாத்தியில் கொசு உள்ளான் மேய்வதும் அடுத்த பாத்தியில் பூநாரை நிற்பதும் பெரும்பாலும் நீரின் ஆழத்தையும் உவர்ப்பையும் காட்டும் அடையாளங்கள்.

வரலாறு

குறித்த இடத்தில் மாதந்தோறும் எண்ணும் வழக்கத்துக்குப் பிரிட்டன் முன்னோடி. அந்நாட்டின் கழிமுகங்களில் 1969-இல் தொடங்கிய பறவை ஆய்வு, பிற்காலத்தில் நாடு தழுவிய மாதாந்திர ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பாக வளர்ந்தது. அமெரிக்காவில் வளர்ந்தது வேறொரு மரபு: ஓராண்டில் எத்தனை இனங்களைப் பார்க்க முடியும் என்னும் போட்டி. கய் எமர்சன் என்பவர் 1939-இல் 497 இனங்களைக் கண்டது அதன் தொடக்கக்காலச் சாதனை. முன்னது ஓர் இடத்தின் கதையைச் சொல்கிறது. பின்னது ஒரு மனிதரின் பயணத்தைச் சொல்கிறது. இங்கு எடுத்துக்கொள்வது முன்னதை.

தமிழகக் கரையில் முறையான ஆய்வு கோடியக்கரையில் வேரூன்றியது. 1960களின் தொடக்கத்தில் அங்கு வந்த பறவையியலாளர் சாலிம் அலி அவ்விடத்தின் சிறப்பை எடுத்துரைத்தார். 1967-இல் அது சரணாலயமானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கு பல ஆண்டுகள் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, எடையும் இறகின் நிலையும் குறித்துவிட்டுப் பறக்கவிட்டது. 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமாகக் கோடியக்கரை அறிவிக்கப்பட்டது.

மன்னார் வளைகுடாவுக்கு அடிப்படை அமைத்தவர் அதே கழகத்தின் ஆய்வாளர் ச. பாலச்சந்திரன். 1980களில் மண்டபத்திலும் அருகிலுள்ள தீவுகளிலும் அவர் மேற்கொண்ட கள ஆய்வு குளிர்காலத்தோடு நின்றுவிடவில்லை. இறகு உதிர்ந்து முளைக்கும் காலம், வலசைக்கு முன் கூடும் எடை, வயது ஆகியவற்றையும் அது ஆராய்ந்தது.

பொதுமக்கள் பங்கேற்கும் கணக்கெடுப்புகள் பின்னர் பெருகின. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் சனவரிதோறும் நடக்கிறது. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-இல் தொடங்கியது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், உள்ளூர் இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து இதை நடத்துகிறது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. மூன்றும் தை மாதத்தை ஒட்டியவை. மற்ற மாதங்களை நிரப்புவது தனிமனிதரின் நோட்டுப் புத்தகமும், 2002-இல் தொடங்கப்பட்ட இ-பேர்ட் தரவுத்தளத்தில் அவரவர் ஏற்றும் பட்டியலும்தான்.

ஆண்டின் ஓட்டம்

ஆகஸ்ட் – செப்டம்பர்: வடக்கிலிருந்து முதலில் வந்திறங்குபவை வளர்ந்த பறவைகள். கூடுகட்டும் காலத்து இறகுகள் வெளுத்தும் கிழிந்தும் காணப்படும். அந்த ஆண்டு பொரித்த இளம்பறவைகள் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே வரும். பவளக்காலி, பச்சைக்காலி, குதிரைமலைக்கோட்டான், மணல் உப்புக்கொத்திகள், வளைமூக்கு உள்ளான், கல்திருப்பி உள்ளான் ஆகியவை இக்காலத்தில் வரத் தொடங்குகின்றன. தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில், கரையில் வழக்கமாகக் காண முடியாத ஆழ்கடல் பறவைகள் ஒதுங்குவதும் உண்டு.

அக்டோபர் – டிசம்பர்: வடகிழக்குப் பருவமழையால் உப்பு விளைச்சல் நிற்கும், பாத்திகளில் மழைநீர் தேங்கும், முகத்துவாரங்களில் நன்னீர் பெருகும். ஆழம் கூடியதும் குட்டைக்கால் பறவைகள் இடம் மாறுகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி மாவட்டத்தின் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட ஆண்டின் பறவை எண்ணிக்கையை மழைக் குறிப்பு இல்லாமல் பிற ஆண்டுகளோடு ஒப்பிட்டால் தவறான முடிவே கிடைக்கும்.

சனவரி – மார்ச்: நீர் வடியும். பூநாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, ஆலாக்கள், பழுப்புத்தலைக் கடற்காகம் ஆகியவை கூட்டமாகத் தெரியும் பருவம் இது. விராலடிப்பான் முகத்துவாரங்களில் மீன் பிடிக்கும். மார்ச்சில் உள்ளான்களின் உடல் பருக்கத் தொடங்கும். நீண்ட பயணத்துக்கான கொழுப்பு சேர்கிறது. சாம்பல் நிறத்தில் இருந்த வளைமூக்கு உள்ளானின் நெஞ்சில் செம்பழுப்பு திட்டுத்திட்டாக ஏறும்.

ஏப்ரல்: வடக்கே போகும் மாதம். ஒரு வார இடைவெளியில் கூட்டம் பாதியாகக் குறையலாம். மாதம் ஒருமுறை மட்டும் செல்பவர் இந்த மாற்றத்தைத் தவறவிடுவார்.

மே – சூலை: கரை வெறிச்சோடும் என்று பலர் கருதும் காலம். உண்மையில் இருவகைப் பறவைகள் அங்கு இருக்கின்றன. ஒன்று, முதல் ஆண்டில் இனப்பெருக்கம் செய்யாத இளம் வலசைப் பறவைகள். வடக்கே செல்லாமல் வெயில்காலத்தை இங்கேயே கழிக்கும் இவை பெரும்பாலும் வண்ணம் ஏறாத சாம்பல் இறகோடு காணப்படும். மற்றொன்று, இக்கரையிலேயே குஞ்சு பொரிக்கும் பறவைகள். நெடுங்கால் உள்ளான் உப்பள வரப்பை ஒட்டிக் கூடு கட்டும். சிற்றாலா வெறும் மணலிலும் வரப்பிலும் முட்டையிடும்.

அனுமன் உப்புக்கொத்தி

கோடைப் பதிவின் தேவையை மிகத் தெளிவாகக் காட்டும் பறவை அனுமன் உப்புக்கொத்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழும் இச்சிறு பறவை 1915-இல் விவரிக்கப்பட்டது; ஆனால் நெடுங்காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியோடு சேர்த்தே எண்ணப்பட்டது. மரபணு, உடலளவு, இறகு வேறுபாடுகளின் அடிப்படையில் 2023-இல் ஆய்வாளர்கள் இதைத் தனி இனமாக நிலைநாட்டினர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள ராமர் பாலத் திட்டுகளை ஒட்டி அனுமன் பெயர் சூட்டப்பட்டது.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்திகளும் இதே மணலில் ஓடித் திரிவதால் சனவரிப் பட்டியல்களில் இரண்டும் குழம்புகின்றன. கோடையில் முட்டையோடும் குஞ்சோடும் காணும் இணைகளைக் குறித்தால்தான் உள்ளூர்ப் பறவையின் பரவலும் எண்ணிக்கையும் துலங்கும்.

பதியும் முறை

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முகத்துவாரம், ஓர் உப்பளத் தொகுதி, ஒரு மணற்கரை என மூன்று நிலையான இடங்கள் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் மாதம் இருமுறையாவது, இயன்றவரை ஒரே நேரத்தில், ஒரே ஓதநிலையில் செல்வது நல்லது. நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் திட்டுகளில் சிதறி மேயும். நீர் ஏறியதும் உயர்ந்த மணலில் நெருக்கமாக ஒதுங்கும். எண்ணுவதற்குப் பின்னதும், நடத்தையைக் கவனிப்பதற்கு முன்னதும் ஏற்றவை.

ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டியவை: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், காற்று, மழை, ஓதநிலை அல்லது பாத்தியின் நீராழம், கண்ட எல்லா இனங்களும் அவற்றின் எண்ணிக்கையும். அரியவற்றை மட்டும் எழுதி, காக்கை, மடையான், செம்பருந்து போன்றவற்றை விட்டுவிடக் கூடாது. முழுப் பட்டியலாக இருந்தால்தான், ஒரு பறவை பட்டியலில் இல்லாதது அன்று அது கண்ணில் படவில்லை என்பதற்குச் சான்றாகும். போய்வந்தும் எதையும் காணாத நாளும் எழுதப்பட வேண்டிய நாளே.

பெருங்கூட்டத்தை எண்ணப் பத்து அல்லது நூறு பறவைகள் கொண்ட பகுதியை முதலில் எண்ணி, அதே அளவான பகுதிகள் எத்தனை என்று கணக்கிடுவது வழக்கம். மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்றே எழுத வேண்டும். காலில் வண்ணக்கொடியோ வளையமோ தெரிந்தால் நிறம், எழுத்து, எண், எந்தக் காலில் உள்ளது என்பனவற்றைப் படத்தோடு குறித்துக்கொள்ளலாம். இருநோக்கி கட்டாயம், பரந்த திட்டுகளுக்கு முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி உதவும். தமிழில் பெயரறியக் க. ரத்னத்தின் பறவைப் பெயர்த் தொகுப்பும், ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய க்ரியா வெளியீடான அறிமுகக் கையேடும் பயன்படும்.

இனங்காண்பதில் ஐயம் எழுந்தால் "உள்ளான், இனம் தெரியவில்லை" என்று எழுதுவதே சரி. முன்பு ஒரே இனமாகக் கருதப்பட்ட சிறு மணல் உப்புக்கொத்தி இப்போது சைபீரிய, திபெத்திய இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பழைய குறிப்புகளைப் புதிய பெயருக்கு மாற்றும்போதும் மூலப் பெயரை அழிக்காமல் வைப்பது நன்று.

உள்நாட்டுக் குளங்களோடு தொடர்பு

கரையின் எண்ணிக்கை கரையோடு முடிவதில்லை. பருவமழையில் கரிசல் நாட்டுக் கண்மாய்களும் தாமிரபரணிப் பாசனக் குளங்களும் நிரம்பும்போது வாத்துகள், நாரைகள், கூழைக்கடாக்கள் அங்கு பரவுகின்றன. குளம் வற்றும்போது மீண்டும் ஆழமுள்ள குளங்களையும் கரையையும் நாடுகின்றன. ஆகவே டிசம்பரில் உப்பளத்தில் எண்ணிக்கை குறைந்தால் அதை அழிவு என்று உடனே கொள்ள முடியாது. இளையரசனேந்தல் பகுதிக் கண்மாய் ஒன்றில் அதே வாரத்தில் எடுத்த கணக்கு, தூத்துக்குடிக் கணக்குக்கு விளக்கமாக அமையக்கூடும். கடலிலிருந்து தள்ளி வாழும் பறவை நோக்கர் கரையோரப் பதிவுக்குத் துணைசெய்யும் வழி இது.

பயன்

ஒருவரின் ஓராண்டுக் குறிப்பு தனியே சிறியது; பலருடையது சேரும்போது போக்கு தெரியும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பொதுமக்கள் பதிந்த தரவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. வலசை வரும் கரைப்பறவைகளின் வீழ்ச்சியை அது சுட்டிக்காட்டியது. உலக அளவிலும் 2024-இல் வளைமூக்கு உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி ஆகியவற்றின் ஆபத்து நிலை உயர்த்தப்பட்டது. துறைமுக விரிவாக்கம், கரையோரச் சாலை, உப்பளத்தை வேறு பயனுக்கு மாற்றுதல் ஆகியவை பற்றி முடிவெடுக்கும்போது, பயனற்ற தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தை எந்த மாதத்தில் எந்தப் பறவை எதற்குப் பயன்படுத்துகிறது என்பதற்கு இத்தகைய பதிவே சான்று.

நெறிகளும் வரம்புகளும்

தேசியப் பூங்காவுக்குட்பட்ட தீவுகளில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். உப்பளங்கள் பிறர் உடைமை. வேலை நடக்கும் பாத்திகளுக்குள் கேட்டே செல்ல வேண்டும். பறவையைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளையமிடுவதற்கும் அனுமதி தேவை. மணலில் உள்ள கூட்டருகே நின்றால் தாய்ப்பறவை எழுந்துவிடும். கோடை வெயிலில் சில நிமிடங்களிலேயே முட்டை கெடக்கூடும். கூட்டின் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் அறிவிப்பதும் தவிர்க்க வேண்டியது.

ஓராண்டுப் பதிவு பருவங்களைக் காட்டுமே தவிர, ஓர் இனம் பெருகுகிறதா குறைகிறதா என்று தீர்ப்பளிக்காது. மழை பொய்த்த ஓராண்டும் வெள்ளம் வந்த ஓராண்டும் வெவ்வேறு படங்களைத் தரும். அதே இடங்களில், அதே முறையில், வேறு ஒருவர் அடுத்த ஆண்டும் எண்ணும்படி தெளிவாக எழுதிவைக்கப்பட்ட நோட்டே ஒப்பீட்டுக்கு அடித்தளமாகிறது.