வானத்தில் ஒரு தூரிகை: பெங்களூரும் படத்திருத்தமும்

எந்த லென்ஸை வாங்குவது, எந்த மென்பொருளில் திருத்துவது என்பவை இன்றைய பொழுதுபோக்கு ஒளிப்படக்காரரின் கேள்விகளாகத் தோன்றலாம். திருத்தம் பற்றிய கேள்வியோ மென்பொருளைவிட மிகப் பழையது.

மதராஸ் காலாட்படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், இங்கிலாந்தில் விடுப்பிலிருந்தபோது ஒளிப்படக்கலையைப் பொழுதுபோக்காகப் பழகியவர். 1854இல் பெங்களூருக்குத் திரும்பி, அவ்வாண்டு டிசம்பரில் பேளூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்தார். 1856இல் மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரரானார்.

அக்கால மெழுகுத்தாள் நெகட்டிவ்கள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன. கட்டடம் தெளிவாகப் பதிவதற்குள் வானம் அளவுமீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெளுப்பாகிவிடும். லென்ஸை மாற்றித் தீர்க்கவியலாத இக்குறையை டிரைப் தூரிகையால் ஈடுசெய்தார். நெகட்டிவின் மீதே முகில்களைத் தீட்டினார்.

அவரே 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளத் தொடர்படமாக்கினார். அங்கு ஓர் எழுத்தில் கோடு ஒன்று கூடினாலும் சொல் மாறிவிடும்.

ஆகவே, பழைய ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் நாம் ‘திருத்தப்பட்டதா?’ என்று மட்டும் கேட்டல் போதாது, ‘எப்பகுதி, எதற்காக?’ என்றும் கேட்க வேண்டும். டிரைப்பின் முகில்களைக் கொண்டு அன்றைய வானிலையை எழுதுவது பிழை. அம்முகில்களைக் காட்டி அவர் பதிந்த கல்லையும் ஐயுறுவது அதற்கு நிகரான பிழை. லைட்ரூமில் திருத்தும் நண்பர்களும் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். நாளைய ஆய்வாளர் அதைத்தான் தேடுவார்.