இரண்டாம் வாயில்: அமெரிக்க உயர்கல்வியில் இடமாற்ற மாணவர்

1888 ஆம் ஆண்டு வில்லியம் எட்வேட் பேர்க்காட் டு போய்ஸ் என்னும் இருபது வயதுக் கறுப்பின இளைஞர் ஹாவாட் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவராகச் சேர்ந்தார். அவ்வேளையில் அவர் ஏற்கெனவே ஒரு பட்டதாரி. தென்மாநிலமாகிய டெனசியில், நாஷ்வில் நகரில், விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்கென 1866 இல் நிறுவப்பட்ட பிஸ்க் பல்கலைக்கழகத்திலே மூன்றாண்டுகள் பயின்று கலைமாணிப் பட்டம் பெற்றிருந்தார். அப்பட்டத்தை ஹாவாட் முழுமையானதோர் பட்டமாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஹாவாட்டின் கணிப்பில் பிஸ்க்கிலே பெற்ற பட்டம் தனது முதலிரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே ஈடானது. ஆகவே டு போய்ஸ் மீண்டும் இரண்டாண்டுகள் படித்து, 1890 இல் இரண்டாவது கலைமாணிப் பட்டத்தைச் சிறப்புடன் பெற்றார். 1895 இல் அதே ஹாவாட் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த டு போய்ஸுக்குச் சிறு வயது முதல் ஹாவாட்டிற் படிக்கும் ஆசை இருந்தது. பணமின்மையே அவரைத் தெற்கே அனுப்பியது. அவ்வாறாயின் மூன்றாண்டுகளின் பின்னர் அக்கதவு எவ்வாறு திறந்தது? அக்காலத்தில் ஹாவாட்டின் தலைவராக இருந்த சாள்ஸ் எலியட் தமது கல்லூரியை நியூ இங்கிலாந்துப் பிரதேசத்துக் கனவான்களின் கல்லூரி என்ற நிலையிலிருந்து ஒரு தேசியப் பல்கலைக்கழகமாக உயர்த்த முயன்று கொண்டிருந்தார். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மாணவர்கள் வரவேண்டும் என்ற நோக்கம் அங்கே இருந்தது. டு போய்ஸின் திறமையும் ஹாவாட்டின் அத்தேவையும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. உள்ளே சென்ற பின்னரும் அவர் விடுதியில் வாழவில்லை. வெளியே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினார். பாடகர் குழுவிற் சேர விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டார். வில்லியம் ஜேம்ஸ் முதலான பேராசிரியர்களின் அன்பு அவருக்கு மிகுதியாகக் கிடைத்தது உண்மை. எனினும் பிஸ்க்கிற் படித்த காலத்தின் ஒரு பகுதியை எவரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இடமாற்ற மாணவர் பற்றிய பிரச்சினையின் மையம் இதுவேயாகும். விண்ணப்பிக்கும் மாணவனின் தகுதி எடைபோடப்படுவதாகவே வெளியில் தோன்றும். உண்மையில் எடைபோடப்படுவது அவன் முன்னர் கற்ற நிறுவனம். ஒரு கல்லூரி கற்பித்ததை மற்றொரு கல்லூரி கல்வியென ஒப்புக்கொள்கின்றதா என்பதே கேள்வி.

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறே பல்கலைக்கழக அனுமதியைப் பெரிதும் தீர்மானிக்கும் எமது சூழலில் இவ்விடமாற்ற முறை சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கல்லூரியிலே ஓரிரு ஆண்டுகள் கற்ற மாணவன் வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பித்து, இடையிலுள்ள ஓர் ஆண்டிற் புகலாம். கற்ற பாடங்கள் மணித்தியாலக் கணக்கில் அலகுகளாக எண்ணப்பட்டு அவனுடன் செல்கின்றன. அலகு என்னும் இவ்வளவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவலாயிற்று. அறிவை நாணயம்போல எண்ணிக் கைமாற்றும் ஏற்பாடு இது என்று கேலி செய்வோர் உளர். ஆயினும் இந்நாணயம் இல்லாத காலத்திலேதான் டு போய்ஸின் பட்டம் ஒருதலைப்பட்சமாக மதிப்பிடப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது.

இடமாற்றத்தை ஓர் ஒழுங்கான பாதையாக்கும் எண்ணம் முதலில் எளியோர் மீதான இரக்கத்தினால் எழுந்ததன்று. சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் றெயினி ஹாப்பர் ஜேர்மன் பல்கலைக்கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டவர். ஆராய்ச்சியே பல்கலைக்கழகத்தின் பணி. முதலிரண்டு ஆண்டுகளின் படிப்போ உயர்நிலைப் பாடசாலையின் தொடர்ச்சி மாத்திரமே என்பது அவர் கருத்து. ஆதலால் தமது பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பை இரு கூறாக்கி, 1896 அளவில் அவற்றுக்குக் கனிஷ்ட கல்லூரி, சிரேஷ்ட கல்லூரி எனப் பெயரிட்டார். கனிஷ்ட பகுதியை வெளியே தள்ளிவிட முடியுமாயின் நன்று என்பதே அவர் விருப்பம். இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் உயர்நிலைப் பாடசாலை அதிபராக இருந்த ஜே. ஸ்ரான்லி பிறவுண் அவருடன் உடன்பட்டு, 1901 இல் ஆறு மாணவர்களுடன் தொடங்கிய வகுப்பே இன்று ஜோலியற் கனிஷ்ட கல்லூரியாக நிலைத்துள்ளது. அமெரிக்காவின் அரச கனிஷ்ட கல்லூரிகளில் மிகப் பழையது அதுவே.

மேற்குக் கரையிலும் இதே எண்ணம் வேறோர் உருவிற் செயற்பட்டது. பேர்க்கிலியில் அலெக்சிஸ் லாங்கும் ஸ்ரான்போட்டில் டேவிட் ஸ்ரார் ஜோர்டனும் இக்கருத்தை ஆதரித்தனர். 1907 இல் கலிபோர்ணியா இயற்றிய சட்டம் உயர்நிலைப் பாடசாலைகள் கல்லூரித் தரத்து வகுப்புகளை நடத்த இடமளித்தது. 1910 இல் பிறெஸ்னோ நகரம் அவ்வகுப்புகளை ஆரம்பித்தது. பல்கலைக்கழகங்கள் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ள விரும்பின; நகரத்து மக்களோ வீட்டுக்கு அருகே பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி வேண்டினர். இரண்டும் முற்றாக வேறுபட்ட நோக்கங்கள். விளைவு ஒன்றாக அமைந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மாணவர் தொகை பெருகியது. 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியால் போர்வீரர் கல்லூரிகளை நிரப்பினர். 1947 இல் ஜனாதிபதி ட்றூமன் அமைத்த ஆணைக்குழு, "சமுதாயக் கல்லூரி" என்ற பெயரைப் பரப்பி, அத்தகைய கல்லூரிகள் எங்கும் வேண்டுமென்றது. ஆனால் இவற்றையெல்லாம் ஒரு திட்டமாக வகுத்த இடம் கலிபோர்ணியா, ஆண்டு 1960.

கலிபோர்ணியாப் பெருந்திட்டம் எனப்படும் அவ்வேற்பாட்டை, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் தலைவர் கிளாக் கேரின் பெயருடன் இணைத்துப் பேசுவது வழக்கம். உயர்நிலைப் பாடசாலையிலிருந்து வெளியேறுவோரில் மேல்நிலையில் உள்ள 12.5 வீதத்தினர் பல்கலைக்கழகத்துக்கும், 33.3 வீதத்தினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதியுடையோர். ஏனைய அனைவருக்கும் கனிஷ்ட கல்லூரியின் கதவு திறந்திருக்கும். இதற்கு முன்னர் இவ்விரு வரம்புகளும் இதனிலும் தளர்வாக இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. அதாவது முன்வாயில் ஒடுக்கப்பட்டது. ஒடுக்கியதற்கு ஈடாகவே பின்வாயில் அகலமாக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு மாணவரில் 60 வீதத்தினர் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் இருத்தல் வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. மேலாண்டுகளில் இடம் மிகுந்தால் கனிஷ்ட கல்லூரியிலிருந்து வருவோரைக் கொண்டுதானே அதனை நிரப்ப முடியும்! செலவைக் குறைக்கும் கணக்கும் இதில் உண்டு. போருக்குப் பின் பிறந்த பெருந்தொகைப் பிள்ளைகள் கல்லூரி வயதை எட்டவிருந்தனர். கனிஷ்ட கல்லூரியில் ஒரு மாணவனுக்கு ஆகும் செலவு குறைவு. எவ்வாறாயினும், கூலித் தொழிலாளியின் பிள்ளை கற்பித்தற் கட்டணமின்றித் தன் ஊரில் இரண்டாண்டுகள் படித்துப் பேர்க்கிலியின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் அமர்வதற்கு எழுத்திலே ஓர் உறுதி கிடைத்தது.  (கனிஷ்ட கல்லூரிகளிற் கட்டணம் 1984 இல் அறிமுகமாயிற்று.)

அதே 1960 ஆம் ஆண்டில் பேர்ட்டன் கிளாக் என்னும் சமூகவியலாளர் சான் ஹோசே நகரின் கனிஷ்ட கல்லூரியொன்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இத்திட்டத்தின் மறுபக்கத்தைக் காட்டிற்று. அங்கே சேர்வோரிற் பெரும்பாலானோர் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லும் எண்ணத்துடனேயே வருகின்றனர், செல்வோர் சிலரே. எஞ்சியோரை எவரும் வெளியே தள்ளுவதில்லை. தகுதிகாண் சோதனை, ஆலோசகரின் சந்திப்பு, குறைந்த புள்ளி பற்றிய அறிவிப்பு எனப் படிப்படியாக அவர்களது ஆசை தணிக்கப்படுகின்றது. ஈற்றில் தொழிற்பயிற்சி வகுப்பே தனக்குப் பொருத்தமானதென மாணவன் தானாகவே முடிவு செய்கின்றான். இதனைக் கிளாக் "ஆறச்செய்தல்" என்ற பொருள்படும் சொல்லாற் குறித்தார். அவர் குற்றஞ்சாட்டும் நோக்குடன் எழுதவில்லை. ஒரு நிறுவனம் செய்யும் வேலையை விபரித்தார், அவ்வளவே. பின்வந்த ஜெறோம் கறபெல் போன்றோரே இதை வர்க்க வேறுபாட்டின் கருவியாகக் கண்டு கண்டித்தனர். கண்டனத்திலே நியாயம் உண்டு. சமுதாயக் கல்லூரிகளிற் சேர்வோரில் ஏறத்தாழ 80 வீதத்தினர் பட்டம் பெறும் நோக்கத்தைத் தெரிவிக்கின்றனர் என்றும், மூன்றில் ஒரு பங்கினரே நான்காண்டுக் கல்லூரிகளுக்கு மாறுகின்றனர் என்றும் அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. மாறியவரும் முழுமையாக மாறுவதில்லை. 2004 இற்கும் 2009 இற்கும் இடையில் இடம் மாறியோர், தாம் பெற்றிருந்த அலகுகளிற் சராசரியாக 43 வீதத்தை இழந்தனர் என அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017 இல் மதிப்பிட்டது. தேறிய பாடத்துக்கு மீண்டும் பணம் கட்டி மீண்டும் அமர்வது வறிய மாணவனுக்குச் சிறிய இழப்பன்று.

இனி, கிழக்குக் கரையின் பழம்பெரும் கல்லூரிகளை நோக்கலாம். இங்கே இடமாற்ற வாயில் சட்டத்தினால் ஆளப்படுவதில்லை. வீட்டுக்காரனின் வசதியே சட்டம். இதற்கு 1969 ஐவிடச் சிறந்த சான்றில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் யேல், பிறின்ஸ்ரன் ஆகிய இரண்டும் பட்டப்படிப்புக்குப் பெண்களை அனுமதித்தன. ஆண்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்த நூற்றாண்டுகள் முடிவுக்கு வந்தன. இம்மாற்றத்தைக் கொண்டாடி எழுதுவோர் பலர்; ஆனால் முதலில் வந்த பெண்களில் எத்தனை பேர் இடமாற்ற மாணவியர் என்பதைக் குறிப்பிடுவோர் சிலரே. யேலில் அவ்வாண்டு சேர்ந்த பெண்கள் ஏறத்தாழ 575 பேர். அவர்களுள் முதலாண்டு மாணவியர் 230 பேர் மாத்திரமே. ஏனையோர் வேறு கல்லூரிகளில் ஓராண்டோ ஈராண்டோ முடித்துவிட்டு, இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிற் புகுந்தவர்கள். பிறின்ஸ்ரனில் 171 பேரில் 70 பேர் அவ்வாறு வந்தனர்.

காரணம் வெளிப்படையானது. முதலாண்டில் மட்டும் பெண்களைச் சேர்த்தால் ஆண்-பெண் கலவை எல்லா வகுப்புகளிலும் ஏற்பட நான்காண்டுகள் ஆகும். ஆண் மாணவர்கள் பெண்களும் கற்கும் கல்லூரிகளை விரும்பி ஹாவாட்டை நாடத் தொடங்கியிருந்த வேளையில் யேலுக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. பெண்கள் கல்லூரிகளில் ஏற்கெனவே பயிற்றப்பட்ட மாணவியர் ஆயத்தமாக இருந்தனர். எந்நாளும் சிறிதளவே திறந்த இடமாற்றக் கதவு அவ்வாண்டு மட்டும் அகலத் திறந்தது. உள்ளே வந்தவர்களோ ஆண்டுதோறும் ஆயிரம் ஆண் தலைவர்களை உருவாக்குவதிற் குறைவு நேராது என யேலின் தலைவர் கிங்மன் புறூஸ்ரர் பழைய மாணவருக்கு அளித்த வாக்குறுதியின் நிழலில் வாழ வேண்டியிருந்தது. ஆண்களின் இடங்கள் குறைக்கப்படவில்லை. நெருக்கமான விடுதிகளிலே பெண்களுக்கு இடம் தேடப்பட்டது.

பிறின்ஸ்ரனில் இன்னொரு சிறு கூட்டத்தினரும் இருந்தனர். சீனம், அறபு போன்ற மொழிகளைக் கற்பதற்கு வேறு கல்லூரி மாணவியரை ஓராண்டுக்கு அழைக்கும் திட்டமொன்று அங்கு 1963 முதல் நடைபெற்றது. ஓராண்டு முடிந்ததும் அவர்கள் தத்தம் கல்லூரிக்குத் திரும்பிவிட வேண்டும். 1969 இன் தீர்மானம் வந்ததும், அவ்வாறு வந்திருந்தோரிற் சிலர் அங்கேயே தங்கி முடிக்க விண்ணப்பித்தனர். 1970 இல் பிறின்ஸ்ரனின் பட்டம் பெற்ற முதல் ஒன்பது பெண்களின் வரலாறு இவ்வாறு அமைந்தது. விருந்தினராக வந்தோரே வீட்டுக்குரியோராகினர்!

அகலத் திறந்த கதவு நெடுங்காலம் அவ்வாறு இருக்கவில்லை. பெண்கள் முதலாண்டிலேயே போதியளவிற் சேரத் தொடங்கியதும் இடமாற்ற மாணவரின் தேவை குறைந்தது. முதலாண்டில் வந்தோர் நான்காண்டுகளும் விட்டகலாது தங்கும் கல்லூரியில், இடையில் வருவோனுக்குக் கட்டில் கிடைப்பது அரிது. 1990 இல் பிறின்ஸ்ரன் இடமாற்ற அனுமதியை முற்றாக நிறுத்தியது. ஹாவாட் 2008 இல் விடுதி நெருக்கடியைக் காரணங்காட்டி இரண்டாண்டுகளுக்கு நிறுத்துவதாக அறிவித்தபோது, அவ்வாண்டுக்கான விண்ணப்பங்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தன.

அவ்விண்ணப்பத்தின் தன்மையையும் சிறிது நோக்குதல் தகும். கல்லூரிப் பெறுபேற்றுடன் பாடசாலைப் பெறுபேறும் கேட்கப்படும். இப்போது கற்பிக்கும் விரிவுரையாளர்களிடம் சிபாரிசுக் கடிதம் பெறவேண்டும்; அதாவது, உம்மைவிட்டுப் போகிறேன், போவதற்குக் கைகொடும் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். ஏன் மாற விரும்புகின்றாய் என்ற வினாவுக்கு ஒரு கட்டுரை எழுதவேண்டும். பழைய கல்லூரியை இகழ்ந்தால் நன்றியற்றவன் ஆவான். புகழ்ந்தால் ஏன் அங்கேயே இருக்கலாகாது என்ற கேள்வி எழும். தன்னிடம் எந்தக் குறையும் இல்லை, தன் கல்லூரியிடமும் இல்லை, ஆயினும் போகவேண்டும் என்று நிறுவுவது தர்க்கத்திற்குக் கடினமானதொரு பயிற்சி. 1981 இல் லொஸ் ஏஞ்சல்ஸின் ஒக்சிடென்ரல் கல்லூரியிலிருந்து நியூயோர்க்கின் கொலம்பியாவுக்கு மாறிய பராக் ஒபாமாவும் அத்தகைய இடமாற்ற மாணவரே.

கலிபோர்ணியாவின் அரச பல்கலைக்கழகம் இன்றும் இரு புதுமுக மாணவருக்கு ஓர் இடமாற்ற மாணவர் என்ற அளவைத் தன் இலக்காகக் கொண்டுள்ளது. லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 2023 இல் புதுமுக விண்ணப்பதாரரில் ஏறத்தாழ 9 வீதத்தினருக்கும், இடமாற்ற விண்ணப்பதாரரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கும் அனுமதி கிடைத்தது. பிறின்ஸ்ரன் தன் கதவை 2018 இல் மீண்டும் திறந்தது. போர்வீரராக இருந்தோர், சமுதாயக் கல்லூரி மாணவர், வறிய குடும்பத்தினர் ஆகியோரை விசேடமாக வரவேற்பதாகவும் அறிவித்தது. அவ்வாண்டு விண்ணப்பித்தோர் 1,429 பேர். அனுமதி வழங்கப்பட்டோர் 13 பேர்.