இடுப்பு மூட்டும் எலும்புச் சாந்தும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்துவிட்டு வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், "சிமெண்ட் வைத்துப் பொருத்துவார்களாம், எத்தனை ஆண்டு தாங்கும்?" என்று நம்மிடம் வினவினார். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினா அன்று. எனினும் விடை தேடப் புகுந்த நாம் கண்ட வரலாற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இங்கிலாந்தில் விகன் நகருக்கு அருகே உள்ளது ரைட்டிங்டன் மருத்துவமனை. முன்பு காசநோயாளர்க்கு உரியதாயிருந்த அங்கேதான் ஜான் சார்ன்லி (1911-1982) என்னும் எலும்பு அறுவை வல்லுநர் தம் ஆய்வை நடத்தினார். அவருக்கு முன்னும் செயற்கை மூட்டுகள் இருந்தன. ஆனால் அவை எலும்பில் ஊன்றி நில்லாமல் தளர்ந்தன. பல் மருத்துவத்தில் வழங்கிய அக்ரிலிக் பிசினை 1958-இல் சார்ன்லி இதற்குக் கையாளத் தொடங்கினார். தூளையும் நீர்மத்தையும் அறுவை அரங்கிலேயே கலந்து, மாவுப் பதத்தில் தொடையெலும்பின் உட்குழியில் இட்டு, அதில் உலோகத் தண்டைச் செருகினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இது ஒட்டும் பசையன்று. கற்களுக்கிடையே இட்ட சாந்து போல எலும்பின் நுண்துளைகளில் புகுந்து இறுகி, உடலின் எடையைப் பரவலாகத் தாங்குவது.

சாந்து நிலைத்தது, கிண்ணம் நிலைக்கவில்லை. உராய்வு மிகக் குறைவு என்று நம்பி, டெஃப்லான் கிண்ணங்களை ஏறத்தாழ 300 பேருக்கு அவர் பொருத்தியிருந்தார். வலி நீங்கி நடந்தவர்கள் சில ஆண்டுகளுக்குள் வலியோடு திரும்பினர். தேய்ந்துதிர்ந்த துகள்களால் மூட்டைச் சூழ்ந்த திசு தடித்து, எலும்பு அரிபட்டது. சார்ன்லி தோல்வியை மறைக்கவில்லை. டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் தம் தொடையிலேயே புதைத்துச் சோதித்தார். டெஃப்லான் வைத்த இடம் கட்டியாயிற்று. அம்முடிவை 1963-இல் 'லான்செட்' இதழில் தாமே வெளியிட்டார்.

இதற்கிடையே 1962-இல், லங்காஷயர் நெசவாலைகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீன் வகையொன்றை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்து ஒதுக்கினார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவனோ, தலைவர் வெளியூர் சென்றிருந்த வேளையில் அதைச் சோதனைப் பொறியில் ஓடவிட்டார். தேய்மானம் மிக அற்பம். அவ்வாண்டு நவம்பரில் புதிய கிண்ணம் மனித உடலுக்குள் சென்றது.

ஆண்டுகள் செல்ல, சில மூட்டுகளைச் சுற்றி எலும்பு கரைந்தது. 1980களில் அதற்குச் 'சிமெண்ட் நோய்' என்றே பெயரிட்டனர். சிமெண்ட் இல்லாத மூட்டுகளிலும் அவ்வரிப்பு தோன்றிய பின்னரே, பாலிஎத்திலீன் துகள்களே முதன்மைக் காரணம் எனத் தெளிந்தனர். பழி சாந்தின்மேல், பிழை கிண்ணத்தின்மேல்!

அமெரிக்காவின் அயோவாவில் ஒரே மருத்துவர் 1970 முதல் 1972 வரை சிமெண்ட் இட்டுப் பொருத்திய 330 சார்ன்லி மூட்டுகளைத் தொடர்ந்து கவனித்தனர். மறு அறுவையின்றி 35 ஆண்டு நிலைக்கும் வாய்ப்பு 78 விழுக்காடு என்று கணக்கிட்டனர். பல மருத்துவர்களும் பல வகை மூட்டுகளும் அடங்கிய தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-இல் 'லான்செட்' வெளியிட்ட கணிப்போ, 25 ஆண்டுக்கு 58 விழுக்காடு என்கிறது.

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் நெகிழ்வித்தவர்கள் ரைட்டிங்டன் நோயாளிகள். இறந்தபின் தம் மூட்டை எடுத்து ஆராயலாம் என்று சார்ன்லியிடம் பலர் இசைவளித்தனர். அன்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் எலும்பைக் குறித்துச் சொன்னதை உயர்வு நவிற்சி என்றே இதுகாறும் வகுப்பில் விளக்கி வந்தோம். இனி அவ்வாறு விளக்க மாட்டோம்.

பேராசிரியரிடம் இவ்வெண்களைச் சொன்னோம். வலி இல்லாதபோதும் எலும்பு அரிபடக்கூடும் என்பதால், மருத்துவர் குறிக்கும் காலத்தில் எக்ஸ்ரே எடுக்கத் தவற வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம்.