வற்றுப்பெருக்கும் வன்தட்டும்
காங்கேசன்துறைக் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைத் தாண்டாது. அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தையும் அடுத்த ஆண்டுக்கு இப்போதே சொல்லிவிடலாம். இதற்குக் கணினிகூட வேண்டியதில்லை. அக்கரை நாகப்பட்டினத்தில் 1880களில் அளவுமானி கடல்மட்டத்தைப் பதிந்துவந்தது. இத்தகைய பதிவுகளிலிருந்து இந்தியத் துறைமுகங்களின் வற்றுப்பெருக்கை வரைய எட்வர்ட் ரொபேர்ட்ஸ் வடிவமைத்த இயந்திரம் 1879இல் இங்கிலாந்தில் உருவானது. சந்திரனுக்கொரு கப்பி, சூரியனுக்கொரு கப்பி, அவற்றின் தூரம் மாறுவதற்கு இன்னும் சில. எல்லாவற்றின்மேலும் ஓடும் ஒரே கம்பி, நுனியில் பேனா. சக்கரங்கள் சுழல, வராத ஆண்டு காகிதத்தில் வந்துவிடும்.

கணினியின் கோப்பு முறைமையைக் கட்டுமுன்பே அதன் வேகத்தை அறிய எடுத்த வழியும் இதுதான்: நடந்ததைப் பதிந்து, மென்பொருளில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது. 1985இல் பெர்க்லியில் ஜோன் ஓஸ்டர்ஹவுட் குழுவினர் கோப்புகள் திறந்து மூடுவதைப் பதிந்து சிமுலேஷன் செய்தார்கள். சில மெகாபைட் நினைவகத்தை ஒதுக்கினால் வன்தட்டுக்குப் போகும் வேலையில் 90 சதவீதம் ஒழியும் என்றது அது. 1991இல் அதே பெர்க்லியில் ஸ்பிரைட் கோப்பு முறைமையை அளந்தார்கள். சராசரி 7 மெகாபைட் ஒதுக்கியும் வேலை பாதியளவே குறைந்தது. ஸ்பிரைட் பல கணினிகளில் பரந்தது, ஒப்பீடு நியாயமா என்று கேட்கலாம், முழு நியாயமில்லைதான். ஆனால் ஒருவர் கையாளும் தரவு 20 மடங்காகி, பெரிய கோப்புகள் பெருகியிருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. கணக்கு பிழைக்கவில்லை, ஆட்கள் மாறிவிட்டார்கள். துறைமுகத்தை ஆழமாக்கினால் சந்திரன் கூடுதலாகச் சுற்றாது. நினைவகம் பெருத்தாலோ மனிதர் பெரிய கோப்பாக எழுதுவார்கள்.

காங்கேசன்துறையிலும் கடல் பழைய பதிவுக்குக் கட்டுப்படும், போக்குவரத்து கட்டுப்படாது. 1905 முதல் கொழும்புவரை ஓடிய ரயிலும் 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலையும் 1990இல் போரால் நின்றன, சனம் இடம்பெயர்ந்தது. ரயில் 2015 ஜனவரியில் திரும்பியது, ஆலை திரும்பவில்லை. 1990க்கு முந்தைய சரக்குப் பேரேடு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அதை ஓட்டிப் பார்த்து இன்றைய நாகப்பட்டினக் கப்பலின் பயணிகளை எண்ண முடியாது. அப்படியானால் பழைய பதிவே வீணா? இல்லை, அதில் மனிதர் கை படாத பகுதி இன்னும் பேசும். 2023 அக்டோபர் 14இல் தொடங்கிய நாகப்பட்டினக் கப்பல் ஒரு வாரத்துக்குள் நின்றது. வாடைக்காலம் நெருங்கியிருந்தது, அதைப் பக்கத்து மயிலிட்டிக் கடலோடி எவரும் நாட்காட்டியைப் பார்க்காமலே சொல்லியிருப்பார். 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற வேறு கப்பலோடு சேவை மறுபடி தொடங்கியது.