முத்துக்குளிப்பில் பங்கு ஒப்பந்தம்

ஆதிச்சநல்லூரைக் கடந்து செல்லும் பொருநை கடலில் கலந்த இடத்தில் அன்று கொற்கைத் துறை இருந்தது. அதன் முத்தைப் புகழ்ந்தோர் பலர். அதை எடுத்துத் தந்த குளியாள் கூலியாளா, பங்காளியா என்று வினவியோர் சிலரே.

வணிகர்கள் குளியாட்களைக் கூலிக்கு அமர்த்தினர் என்றும், கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை மன்னருக்குச் செலுத்தினர் என்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழி வந்த மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ முறை வேறாயிருந்தது. எதிர்க்கரையான இலங்கையின் மரிச்சுக்கட்டியில் ஆங்கிலேய அரசு நடத்திய குளிப்பில், கீழக்கரை முஸ்லிம்கள் உள்ளிட்ட குளியாட்கள் பெற்றது கூலியன்று. சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. படகில் வந்த சிப்பிகளை அவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பர். அவர்களுக்குரிய குவியலை அரசு அலுவலர் சுட்டுவார். தம் பங்கு எதுவென அறியாதவர் சமமாகவே பிரிப்பர் அன்றோ!

மூழ்குபவர் எடுத்து வரப்போவதை முன்கூட்டியே விலைபேசுவதைத் தடுக்கும் அறிவிப்பு இப்னு மாஜாவில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது. எனினும் 'கரர்' எனப்படும் நிச்சயமற்ற வணிகம் கூடாது என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் பொதுக்கொள்கை. மரிச்சுக்கட்டியில் பங்கீடு நிகழ்ந்தது சிப்பி கரை சேர்ந்த பின்னரே. ஆயினும் வெறுங்கையுடன் திரும்பிய நாளின் இழப்பைக் குளியாளே சுமந்தார். பணியை ஒப்பந்தத்திற்கு விடுவோர் ஊதியத்தை மட்டுமன்றி, இழப்பு யாருடையது என்பதையும் எழுதிவைப்பதே நீதியாகும்.